கார்ஸ்ட் மலைத் தோட்டக்காட்டில் மரத்தடிச் செடிகளைக் கணக்கெடுப்பது எப்படி: முதல்முறை போகிறவர்களுக்கு

கார்ஸ்ட் மலையில், அதாவது நீரில் கரையும் சுண்ணாம்புக்கல் மலையில், நட்டு வளர்த்த ஒரு சைப்ரஸ் காட்டுக்குள் நிற்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வலது காலடியில் இரண்டு பாறைகளுக்கு நடுவே கறுப்பு மண். கம்பியை இறக்கினால் 70 செ.மீ. போகிறது. பெரணியும் முட்புதரும் மண்டிக் கிடக்கின்றன. இடது காலடியில் வெறும் பாறை. பாசியும் அதில் ஒட்டிய சின்னப் பெரணியும் தவிர ஒன்றுமில்லை. இரண்டுக்கும் இடைவெளி அரை மீட்டர்கூட இல்லை. மேலே நிற்கும் மரம் ஒன்றே, வயதும் ஒன்றே, நிழலும் ஏறக்குறைய ஒன்றே.

இந்த இரண்டையும் கூட்டிச் சராசரி போட்டு "மண் ஆழம் 35 செ.மீ." என்று எழுதினால், அந்தக் காட்டில் எங்குமே இல்லாத ஓர் இடத்தை எழுதியதாக ஆகும். புதிதாகப் போகிறவர்களின் கணக்கெடுப்பு பெரும்பாலும் கெடுவது இங்கேதான். எந்த மரம் நட்டார்கள் என்பதைத் தவறாமல் குறித்துக்கொள்வார்கள். காலடியில் என்ன கல், எவ்வளவு மண் என்பதை விட்டுவிடுவார்கள். அதனால் கீழே உள்ள முறை கல்லில் தொடங்கி மரத்துக்குப் போகிறது.

தென்மேற்குச் சீனாவின் குய்சோ, குவாங்ஷி, யுன்னான் மலைகளில் இப்படிப்பட்ட காடுகள் பரந்து கிடப்பதால் எடுத்துக்காட்டுகளை அங்கிருந்து எடுத்திருக்கிறோம். வேறு சுண்ணாம்பு மலை என்றால் மாதங்களையும் செடிப் பெயர்களையும் மாற்றிக்கொண்டால் போதும்.

1. காகித வேலை: களத்துக்குப் போகும் ஆறு மாதம் முன்பே

முதலில் நிலம் யாருடையது, மரம் யாருடையது என்று தனித்தனியாகக் கேளுங்கள். சீனக் கிராமங்களில் நிலம் ஊரின் கூட்டுடைமையாகவும், மரம் வளர்க்கும் உரிமை ஒரு குடும்பத்துடையதாகவும் இருப்பது சாதாரணம். ஊர் அலுவலகத்தில் கையெழுத்து வாங்கிவிட்டு அந்தக் குடும்பத்தைக் கேட்காமல் விட்டால், நீங்கள் அடித்த முளைகள் அடுத்த முறை போகும்போது இருக்காது. அனுமதிக் கடிதத்தில் மூன்று வேலைகளையும் பெயர் சொல்லி எழுதி வாங்குங்கள்: சதுரம் (செடி எண்ண எல்லை கட்டும் நிலத்துண்டு) குறித்தல், மண் தோண்டுதல், செடி மாதிரி எடுத்தல். "ஆய்வுக்கு அனுமதி" என்று பொதுவாக எழுதிய கடிதம் மண்வெட்டியைப் பார்த்ததும் செல்லாமல் போகும்.

வெளிநாட்டிலிருந்து போகிறவர்களுக்குக் கூடுதலாகச் சில தடைகள் உண்டு. சீனாவில் தேசியப் பாதுகாப்புப் பட்டியலில் உள்ள காட்டுத் தாவரங்களை வெளிநாட்டவர் சேகரிக்கவும் கூடாது, வாங்கவும் கூடாது. அந்தப் பட்டியல் 2021-இல் திருத்தப்பட்டது. பழைய பட்டியலை வைத்துக்கொண்டு போகாதீர்கள். ஜிபிஎஸ் வைத்து அளவெடுப்பதும் அங்கே நில அளவைச் சட்டத்துக்குள் வருவதால், உள்நாட்டுக் கூட்டு நிறுவனம் வழியாகத்தான் அனுமதி கேட்க வேண்டும். லிபோ பகுதியின் மாவ்லான் போன்ற காப்பகத்துக்குள் ஒப்பீட்டுச் சதுரம் போடுவதானால் காப்பக நிர்வாகத்தின் அனுமதி தனி.

ஆர்க்கிட் எதையும் பிடுங்காதீர்கள். சுண்ணாம்புப் பாறை ஆர்க்கிட்களுக்குப் பிடித்த இடம். ஆர்க்கிட் குடும்பம் முழுவதும் அழியும் அபாயத்தில் உள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் பட்டியல்களுக்குள் இருக்கிறது. பாபியோபெடிலம் பேரினம் மிகக் கடுமையான முதல் பட்டியலில். படம் எடுங்கள், இடத்தின் துல்லிய ஆயத்தொலைவை வெளியிடும் அட்டவணையிலிருந்து நீக்கிவிடுங்கள்.

இதே கட்டத்தில் காட்டின் பிறப்புச் சான்றிதழையும் தேடிப் பிடியுங்கள்: நட்ட ஆண்டு, நாற்று இடைவெளி, கடைசியாகக் களை வெட்டிய மாதம், கிளை கழித்த அல்லது மரம் கலைத்த (நெருக்கம் குறைய இடையிடையே வெட்டிய) ஆண்டு, உரம் போட்டார்களா, அதற்குமுன் அங்கே மக்காச்சோள நிலமா, புதர்க்காடா, வெறும் பாறையா. கடைசிக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. ஆனால் பழைய மக்காச்சோளப் படிநிலத்தில் நட்ட காட்டின் அடியில் வரும் புல்லும், புதரை வெட்டிவிட்டு நட்ட காட்டின் அடியில் வேரிலிருந்து மறுபடி துளிர்க்கும் புதரும் வேறுவேறு கதை. ஆவணத்தில் இல்லையென்றால் ஊரில் வயதானவர்களைக் கேளுங்கள். பாறைகளுக்கு நடுவே கல் அடுக்கிய பழைய வரப்பு தெரிந்தால் அதுவும் சாட்சிதான்.

2. எப்போது, எத்தனை பேர், எதற்குச் செலவு

குய்சோ, குவாங்ஷிப் பக்கம் முதன்மைக் கணக்கெடுப்பை ஜூலை முதல் செப்டம்பருக்குள் வைத்துக்கொள்ளுங்கள். அதற்குமுன் ஏப்ரல், மே மாதங்களில் ஒரு வாரம் தனியாகப் போய்ப் பூவோடு இருக்கும் செடிகளைப் படம் பிடித்து, அடையாளப் பட்டியல் ஒன்று தயாரித்துக்கொண்டால் கோடையில் பாதி வேலை மிச்சம். களை வெட்டி மூன்று மாதம் ஆகாத காட்டில் செடிகளை எண்ணாதீர்கள். நீங்கள் எண்ணுவது அரிவாளின் வேலையைத்தான்.

ஒரு குழுவுக்கு நான்கு பேர்: செடி தெரிந்தவர் ஒருவர், எழுதுகிறவர் ஒருவர், டேப்பும் கம்பியும் பிடிக்க இருவர். தொடக்கத்தில் ஒரு நாளைக்கு ஒரு சதுரம் முடிந்தால் நன்று. கை பழகியபின் இரண்டு நாளில் மூன்று. 30 சதுரம் என்றால் 25 முதல் 30 களநாள் வைத்துக்கொண்டு, மழைக்காக அதில் மூன்றில் ஒரு பங்கைக் கூட்டுங்கள். ஈரச் சுண்ணாம்புப் பாறையில் ஏறி வேலை செய்ய முடியாது. அது சோம்பேறித்தனம் இல்லை. வழுக்கினால் விழுவது கத்தி விளிம்பு போன்ற கல்லின் மேல்.

பணம் இரண்டு இடத்தில் கரையும்: ஆள் கூலி, மண் ஆய்வகம். கருவிகள் பெரிய செலவில்லை. 30 சதுரம், ஒவ்வொன்றிலும் மண் மாதிரிக்குக் கிடைக்கும் மூன்று வகை நுண்ணிடம் (பாறை இடுக்கு, குழி போன்ற சிற்றிடங்கள்; ஐந்து வகையையும் 6-ஆம் பகுதியில் பார்க்கலாம்), ஒவ்வொரு மண்ணுக்கும் ஆறு சோதனை என்றால் 540 சோதனை. திட்ட முன்மொழிவில் "மண் மாதிரி 30" என்று எழுதிவிட்டு அங்கே போய் விழிக்கிறவர்கள் பலர். எல்லா மாதிரிக்கும் பி.எச்., கரிமக் கார்பன், மொத்த நைட்ரஜன். மூன்றில் ஒரு பங்குக்கு மட்டும் பாஸ்பரஸ், கால்சியம் என்று முன்கூட்டியே பிரித்துக்கொண்டால் தாங்கும்.

3. கல்லைச் சோதியுங்கள்

10 சதவீத ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு சொட்டுக்குப்பியில் போதும். விமானத்தில் கொண்டுபோக விடமாட்டார்கள். போன இடத்தில் ஆய்வகத்திலிருந்து வாங்கிக்கொள்ளுங்கள். பாறையில் சுத்தியலால் தட்டிப் புதிய முகம் எடுத்து ஒரு சொட்டு விடுங்கள். உடனே பொங்கி நுரைத்தால் சுண்ணாம்புக்கல். சும்மா இருந்தால், கத்தியால் சுரண்டிப் பொடியாக்கி மறுபடி விடுங்கள். பொடி மெல்ல நுரைத்தால் டாலமைட், அதாவது மக்னீசியமும் கலந்த கார்பனேட் கல். பொடியும் அசையவில்லை என்றால் நீங்கள் நிற்பது மணற்கல் அல்லது களிக்கல் படிவின் மேல். அந்தச் சதுரத்தைக் கார்ஸ்ட் கணக்கில் சேர்க்கக் கூடாது.

இந்தச் சோதனையை ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறோம் என்றால், சுண்ணாம்புக்கல் வெடிப்புகள் வழியே ஆழமாகக் கரையும். மண் ஓரிடத்தில் முழ ஆழம், ஓரிடத்தில் பூஜ்யம். டாலமைட் ஏறக்குறைய சீராகப் பொடிந்து, சரளை கலந்த மெல்லிய மண்ணை எங்கும் பரப்பும். முதலாவதில் இடுக்கு இடுக்காகச் செடிகள் மாறும்; இரண்டாவதில் சரிவு முழுக்க ஏறக்குறைய ஒரே முகம். இரண்டையும் கலந்து சராசரி எடுத்தால் மரத்தின் விளைவு என்று நீங்கள் நினைப்பது கல்லின் விளைவாக இருக்கும்.

செடியும் துப்புக் கொடுக்கும். டிக்ரனோப்டெரிஸ் என்ற கவட்டைப் பெரணி தரை மூடிக் கிடந்தால் சந்தேகப்படுங்கள். அது அமில மண்ணின் செடி. தெரிஸ் விட்டாட்டா, அடியான்டம் பெரணிகள் சுவரைப் போலப் பாறையைப் பிடித்திருந்தால் சுண்ணாம்பு இருக்கிறது என்று பொருள்.

4. இடம் தேர்ந்தெடுத்தல்

ஒரு மர வகைக்குக் குறைந்தது ஐந்து சதுரம். வழியே இல்லையென்றால் மூன்று. ஒரே குன்றின் ஒரே சரிவில் ஐந்தையும் போடுவதைத்தான் அதிகம் பார்க்கிறோம். அப்படிப் போட்டால் கையில் இருப்பது ஐந்து சான்று இல்லை, ஒரே சான்றின் ஐந்து நகல். வெவ்வேறு குன்று, அல்லது குறைந்தது நூறு மீட்டருக்கு மேல் இடைவெளி வேண்டும். சைப்ரஸ், மாசோன் பைன், சீன ஃபர், கலப்புக் காடு என்று ஒப்பிடுவதானால் ஒவ்வொன்றும் அடிவாரத்திலும் நடுச்சரிவிலும் இருக்கிறதா என்று பாருங்கள். சீன ஃபரைப் பெரும்பாலும் மண் ஆழமான அடிவாரத்திலும், சைப்ரஸைக் கல்லும் கரடுமான மேல்சரிவிலும் நடுவார்கள். சைப்ரஸ் காட்டில் செடி குறைவு என்று கண்டுபிடித்தால் அது சைப்ரஸின் குற்றமா, மேல்சரிவின் குற்றமா என்று பிறகு பிரிக்க முடியாது.

ஒப்பீட்டுக்கு இயற்கைக் காடு தேவை. ஊருக்குப் பின்னால் வெட்டாமல் விட்ட ஃபெங்சுய் தோப்பு கிடைத்தால் விடாதீர்கள். அந்தத் தோப்பிலிருந்து ஒவ்வொரு சதுரமும் எவ்வளவு தூரம் என்பதையும் எழுதுங்கள். விதை வரும் வழி அடைந்துவிட்ட காட்டில் மண் எவ்வளவு நன்றாக இருந்தும் புதிய இனம் வராது.

5. சதுரம் போடுதல்

மரங்களுக்கு 20 மீ. × 20 மீ. இது கிடைமட்ட அளவு. சரிவின் மேல் டேப்பை வைத்து 20 மீட்டர் அளந்தால் சதுரம் சிறுத்துவிடும். சரிவு 20 பாகை என்றால் மேலிருந்து கீழாக 21.3 மீ., 30 பாகைக்கு 23.1 மீ., 40 பாகைக்கு 26.1 மீ. அளக்க வேண்டும். சரிவின் குறுக்கே போகும் பக்கம் 20 மீட்டராகவே இருக்கட்டும். சமதளமானால் மூலைவிட்டம் 28.3 மீ. வருகிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

நான்கு மூலையிலும் நடுவிலும் 5 மீ. × 5 மீ. புதர்க் கட்டம், மொத்தம் ஐந்து. மார்பளவு விட்டம், அதாவது தரையிலிருந்து 1.3 மீ. உயரத்தில், 5 செ.மீ.க்கு உட்பட்ட மரக்கன்றும் புதரும் இதில் வரும். பாறை முனை குறுக்கே வந்தால் கட்டத்தை வசதியான இடத்துக்கு நகர்த்தாதீர்கள். நகர்த்தும் ஒவ்வொரு முறையும் பாறை குறைந்து மண் கூடும். 30 சதுரம் முடியும்போது நீங்கள் கார்ஸ்ட் இல்லாத ஒரு மலையைக் கணக்கெடுத்திருப்பீர்கள்.

பாறை வெளிப்பாட்டை இப்போதே அளந்துவிடுங்கள். நான்கு மீட்டருக்கு ஒன்றாக ஐந்து டேப்கள், ஒவ்வொன்றும் 20 மீ. டேப்புக்கு அடியில் பாறை வரும் நீளத்தைச் செ.மீ. கணக்கில் கூட்டி, மொத்தத்தை 100-ஆல் வகுத்தால் சதவீதம் கிடைக்கும். பாசியும் சருகும் மூடிய பாறையும் பாறைதான். காலால் சருகைத் தள்ளிப் பாருங்கள். 2 செ.மீ.க்குக் குறைந்த மண் இருந்தால் பாறை என்று எழுதுவது என முதல் நாளே முடிவு செய்து, கடைசி நாள் வரை மாற்றாதீர்கள். கண்ணளவில் "சுமார் 40 சதவீதம்" என்று எழுதுகிறவர்கள், நிழலில் நிற்கும்போது ஒரு மாதிரியும் வெயிலில் வேறு மாதிரியும் எழுதுவார்கள்.

6. நுண்ணிடங்களைப் பிரித்தல்

வழிகாட்டியின் மற்ற பகுதியைத் தவறவிட்டாலும் இதை மட்டும் விடாதீர்கள். ஒவ்வொரு சதுரத்துக்குள்ளும் ஐந்து வகை இடங்களைத் தேடிக் குறிக்க வேண்டும்.

மண் தரை: பாறை இடையிடாத திறந்த மண். பரப்பு அதிகம், ஆனால் மழை நின்ற சில நாளிலேயே வறளும். நாற்றுக் குழி தோண்டியது, களை வெட்டியது, ஆள் நடந்தது எல்லாம் இங்கேதான். புற்களும் களைகளும் இங்கே கூடுதலாகத் தெரிவதற்கு அதுவும் ஒரு காரணம்.

பாறை முகம்: வெயிலில் கை வைக்க முடியாத சூடு, மழையில் வழிந்தோடும் நீர். பாசி, பெரணிக்கு உறவான செலாஜினெல்லா, இலையைச் சுருட்டிக்கொண்டு காத்திருக்கும் பிர்ரோசியாப் பெரணி. இனம் குறைவு. ஆனால் வேறெங்கும் வராத இனங்கள்.

பாறை இடுக்கு: அகலம் 30 செ.மீ.க்குள். இரு பக்கப் பாறையும் நிழல் கொடுக்கும், பாறையில் வழியும் மழைநீரையும் சருகையும் இழுத்து உள்ளே போடும். சுற்றிலும் 20 மி.மீ. மழை பெய்தால் இடுக்குக்குக் கிடைப்பது அதற்கு மேல். மண் கறுத்து, கரிமச்சத்து நிறைந்திருக்கும், கொள்ளளவு சிறியது. வேரை ஆழத்துக்கு விடக்கூடிய புதர்களுக்கு ஏற்ற இடம்.

பாறை ஓடை: 30 செ.மீ.க்கு மேல் அகலம், ஒரு முனை சரிவில் திறந்தது. குளிர்ச்சி, ஈரம், ஆழ மண். நிழல் பெரணிகளும் அகன்ற இலைச் செடிகளும் இங்கே. பெருமழையில் மண் அரித்துப் போகும் என்பதால் ஓராண்டுச் செடிகள் வந்து வந்து போகும்.

பாறைக் குழி: நாற்புறமும் பாறை சூழ்ந்தது. சருகு குவிந்து ஊட்டம் அதிகம். வடிகால் இல்லையென்றால் மழைக்குப்பின் நீர் தேங்கி வேர் அழுகும். ஆகவே இனம் மிக அதிகமாகவோ மிகக் குறைவாகவோ இருக்கும், நடுத்தரம் அபூர்வம்.

30 செ.மீ. என்ற எல்லை இயற்கை போட்ட கோடு இல்லை; நம் வசதிக்கு நாம் போட்டது. வேறு எல்லை வைத்தாலும் சரி, படிவத்தின் தலைப்பிலேயே அச்சிட்டுவிடுங்கள்.

அடுத்த சிக்கல்: 18 செ.மீ. அகல இடுக்குக்குள் 1 மீ. × 1 மீ. சட்டம் எப்படி உட்காரும்? உட்காராது. தடித்த கம்பியில் 25 செ.மீ. × 25 செ.மீ. சட்டம் நான்கு செய்துகொள்ளுங்கள். மண் தரையில் நான்கையும் இரண்டுக்கு இரண்டாக வையுங்கள். இடுக்கில் ஒன்றன்பின் ஒன்றாக நீளவாக்கில். எல்லா இடத்திலும் பரப்பு கால் ச.மீ. இடுக்கு 25 செ.மீ.க்குக் குறைவாக இருந்தால் சட்டம் பாறையின் மேல் படியும். சட்டத்துக்குள் இடுக்கு எவ்வளவு என்பதை மட்டும் குறித்து, மொத்தம் கால் ச.மீ. வரும்வரை சட்டத்தை நகர்த்திக்கொண்டே போங்கள். ஒவ்வொரு வகைக்கும் சதுரத்துக்கு மூன்று. வகையே இல்லையென்றால் கோடு போடாமல் "இல்லை" என்று எழுதுங்கள். வெற்றுக் கட்டத்தைப் பிறகு பார்க்கிறவருக்கு அது இல்லாததா, மறந்ததா என்று தெரியாது.

படிவத்தில் ஒரு வரி இப்படி இருக்கும்: சதுரம் 7, இடுக்கு 2, அகலம் 18, மண் ஆழம் 62, சருகு 3, வாய் திறக்கும் திசை 40 பாகை, விதானத் திறப்பு (மரக்கிளைகளுக்கு இடையே தெரியும் வானம்) 17 சதவீதம். அதன்கீழ் இனங்கள். இந்த ஒரு வரி இல்லாமல் இனப் பட்டியல் மட்டும் இருந்தால், அது எந்த இடத்தின் பட்டியல் என்று ஆறு மாதத்தில் உங்களுக்கே மறந்துவிடும்.

கையை இடுக்குக்குள் விடுமுன் கம்பால் தட்டுங்கள். பாம்புக்கும் குளவிக்கும் அதே இடம்தான் பிடிக்கும். புதர் மூடிய உறிஞ்சுகுழிகளும், அதாவது கல் கரைந்து தரை உள்வாங்கிய பள்ளங்களும், உண்டு. முன்னே நடப்பவர் கம்பு ஊன்றித்தான் நடக்க வேண்டும்.

7. செடிகளை எண்ணுதல்

ஒவ்வொரு இனத்துக்கும் எண்ணிக்கை, மூடாக்குச் சதவீதம் (மேலிருந்து பார்த்தால் செடி மறைக்கும் தரையின் பங்கு), சராசரி உயரம். வேர் எங்கே இருக்கிறதோ அந்த இடத்துக்குத்தான் செடி சொந்தம். வெளியிலிருந்து படர்ந்து வந்த கொடியை மூடாக்கில் சேருங்கள், எண்ணிக்கையில் சேர்க்காதீர்கள். கிழங்கிலிருந்து கூட்டமாக எழும் பெரணி, புல் போன்றவற்றில் தனிச்செடி எது என்று தேடி நேரத்தை வீணாக்காமல் தரைக்கு மேல் தெரியும் தண்டுகளை எண்ணுங்கள். நட்ட மரத்தின் விதையில் முளைத்த கன்றுகளைத் தனிப் பத்தியில் எழுதுங்கள். அதைச் சேர்த்தால் பைன் காட்டின் அடியில் பைன் கன்று கூடி, பன்மை எண் வீங்கும் அல்லது சுருங்கும்.

மூடாக்கைக் கணிக்கக் கண்ணைப் பழக்க வேண்டும். ஒரு ச.மீ.இல் 10 செ.மீ. × 10 செ.மீ. அட்டை ஒரு சதவீதம், கால் ச.மீ.இல் அதே அட்டை 4 சதவீதம். முதல் இரண்டு நாள் நான்கு பேரும் ஒரே சட்டத்தைத் தனித்தனியாகக் கணித்து ஒப்பிடுங்கள். வித்தியாசம் ஐந்து சதவீதத்துக்குள் வரும்வரை பிரிந்து வேலை செய்ய வேண்டாம்.

பூ இல்லாத செடிதான் பெரும்பான்மை. பெயர் தெரியாததற்கு "தெரியாதது" என்று எழுதாமல் குறியீடு கொடுங்கள். இலையின் அடிப்பக்கம், கணு, பாலின் நிறம், வித்துத்தூள் புள்ளிகள் தெரியும் பெரணி இலை என நான்கு படம். அழுத்தி உலர்த்தும் மாதிரிகளுக்கு முதல் வாரம் தினமும் தாள் மாற்ற வேண்டும். மழைக்காலக் கார்ஸ்ட் பள்ளத்தில் ஒரு நாள் தவறினாலும் பூஞ்சை பிடிக்கும்.

8. வெளிச்சம், சரிவு, மண் ஆழம்

வெளிச்சத்துக்குக் குழி ஆடிக் கருவி போதும். அதன் 24 கட்டத்திலும் நான்கு நான்கு புள்ளியாக 96 புள்ளி; நான்கு திசை நோக்கித் திறந்த புள்ளிகளை எண்ணிச் சராசரியை 1.04-ஆல் பெருக்கினால் விதானத் திறப்புச் சதவீதம். மீன்கண் வில்லைப் படம் இன்னும் நல்லது, ஆனால் மேகம் மூடிய வானில் அல்லது விடியலில், அந்தியில் மட்டும். வெயில் நேரத்தில் எடுத்தால் இலை ஓரங்கள் வெளுத்துப்போய்த் திறப்பு கூடுதலாக வரும். கூம்புக் குன்றுகளுக்கு நடுவே உள்ள பள்ளத்தில் வேலை செய்கிறீர்கள் என்றால் படம்தான் சரி. எதிர்க்குன்று போடும் நிழலை ஆடிக் கருவி சரியாகக் காட்டாது.

சரிவு நோக்கும் திசையை அப்படியே பாகையாகக் கணினியில் ஏற்றாதீர்கள். 350 பாகையும் 10 பாகையும் இரண்டும் வடக்குதான், கணக்கில் மட்டும் துருவங்கள் ஆகிவிடும். கொசைன் எடுத்தால் வடக்குத்தன்மை, சைன் எடுத்தால் கிழக்குத்தன்மை.

மண் ஆழத்துக்கு 8 மி.மீ. கனமுள்ள, 1.2 மீ. நீள எஃகுக் கம்பி. சதுரத்தில் 25 புள்ளி. பாறை வந்தால் 0 எழுதுங்கள். கம்பி தட்டியது தளக்கல்லா, மண்ணுக்குள் கிடக்கும் தனிக்கல்லா என்று பார்க்க, சுற்றி ஒரு சாண் தூரத்துக்குள் இன்னும் இருமுறை குத்தி, ஆழமானதை எடுத்துக்கொள்ளுங்கள். முடிவில் சராசரியை மட்டும் கொடுக்காமல் மூன்று எண் கொடுங்கள்: பூஜ்யப் புள்ளிகளின் பங்கு, மற்றவற்றின் இடைநிலை, மாறுபாட்டுக் கெழு (திட்ட விலக்கத்தைச் சராசரியால் வகுத்தது). பல சமயம் இனங்களின் எண்ணிக்கையோடு அதிகம் ஒட்டிப் போவது மூன்றாவதுதான்.

ஈரப்பதத்தை மழை நின்று மூன்று நாளுக்குப்பின் எடுங்கள். எல்லாச் சதுரத்திலும் ஒரே இடைவெளி இருக்க வேண்டும். ஊசி வைத்த மின்கருவி கல் மண்ணில் வளையும். மண்ணை எடுத்து 105 பாகை செல்சியஸில் 24 மணி நேரம் உலர்த்தி எடை பார்க்கும் பழைய முறையே நம்பகம்.

9. மண் மாதிரி: ஆய்வகத்தில் மாட்டிக்கொள்ளும் இடங்கள்

ஒரு நுண்ணிட வகையின் மூன்று இடத்து மண்ணையும் கலந்து ஒரு மாதிரி, 0 முதல் 10 செ.மீ. வரை. இடுக்கிலும் குழியிலும் மண்ணை வழித்தெடுத்துவிடாதீர்கள்; அந்த மண் சேர எத்தனையோ தலைமுறை ஆகியிருக்கும். சுண்ணாம்புக்கல் கரைந்தபின் மிஞ்சும் கழிவு மிகச் சிறிது. 200 கிராம் போதும்.

சாதாரண மண்ணுக்குப் பழகிய ஆய்வகம் சுண்ணாம்பு மண்ணில் மூன்று தவறு செய்யும். மொத்தக் கார்பன் கருவியில் அப்படியே எரித்தால் கார்பனேட்டின் கார்பனும் சேர்ந்து கரிமக் கார்பன் உயர்ந்து தெரியும். முதலில் அமிலத்தால் கார்பனேட்டை நீக்கச் சொல்லுங்கள். பாஸ்பரஸுக்கு அமிலக் கரைசல் முறை வேண்டாம், மண்ணின் சுண்ணாம்பு அந்த அமிலத்தை முறித்துவிடும், பி.எச். 8.5 உள்ள சோடியம் பைகார்பனேட்டைக் கொண்டு செய்யும் ஓல்சன் முறை என்று எழுதிக் கொடுங்கள். மூன்றாவது, பரிமாற்றக் கால்சியம்: அம்மோனியம் அசிடேட் கரைசல் சுண்ணாம்புத் துகளையும் கரைத்துவிடும் என்பதால் எண் எகிறும். அந்த எண்ணைச் சதுரங்களுக்குள் ஒப்பிடலாம், வேறு நாட்டு அமில மண்ணோடு ஒப்பிடக் கூடாது.

மண் அடர்த்திக்கு 100 கன செ.மீ. வளையம் அடிக்கப் பார்த்தால் வளையம்தான் நசுங்கும். சின்னக் குழி தோண்டி, மெல்லிய பிளாஸ்டிக் தாள் விரித்து, நீர் ஊற்றிக் கொள்ளளவு பாருங்கள்; தோண்டிய மண்ணில் 2 மி.மீ.க்கு மேற்பட்ட கல்லைச் சலித்துத் தனியாக எடை போடுங்கள்.

10. கணக்கு

ஒரு சின்ன எடுத்துக்காட்டு. நான்கு இனம், பங்கு 0.50, 0.25, 0.15, 0.10. இனப் பன்மையை அளக்கும் ஷானன் எண் 1.21. அதை 4-இன் இயல் மடக்கையான 1.39-ஆல் வகுத்தால் பியலூ சமநிலை (இனங்கள் எவ்வளவு சமமாகப் பங்கிட்டிருக்கின்றன என்பது) 0.87. இன்னொரு பன்மை எண்ணான சிம்சன் 0.655. உங்கள் நிரல் இந்த எண்களைத் தருகிறதா என்று முதலில் பாருங்கள். மடக்கையை 10 அடியிலும் 2 அடியிலும் போட்டுக் குழப்பிய அட்டவணைகள் ஏராளம்.

கார்ஸ்ட்டுக்கே உரிய பொறி வேறொன்று. பாறை 60 சதவீதம் உள்ள சதுரத்தில் செடி முளைக்க மண் 40 சதவீதம்தான். சதுரத்துக்கு இத்தனை இனம் என்று பார்த்தால் வறியதாகத் தெரியும். மண் பரப்புக்கு இத்தனை என்று பார்த்தால் செழிப்பாகத் தெரியலாம். இரண்டையும் கொடுங்கள். எண்ணிய செடிகளின் எண்ணிக்கை சதுரத்துக்குச் சதுரம் வேறுபடும்போது ஆர் மென்பொருளின் ஐநெக்ஸ்ட் தொகுப்பில் மாதிரி நிறைவை (அங்குள்ள செடிகளில் எவ்வளவு பங்கின் இனங்கள் மாதிரியில் அகப்பட்டன என்பதை) ஒரே அளவுக்குக் கொண்டுவந்தபின் ஒப்பிடுங்கள்.

சூழல் காரணிகளில் பாறை வெளிப்பாடும் மண் ஆழமும் சரிவும் ஒன்றையொன்று இழுக்கும். 30 சதுரத்துக்கு 18 காரணி போட்டால் எதையும் நிரூபித்துவிடலாம். மாறுபாட்டு வீக்கக் காரணி (ஒரு காரணி மற்றவற்றோடு எவ்வளவு பின்னியிருக்கிறது என்று காட்டும் எண்) 5-ஐத் தாண்டியவற்றில் ஒன்றை நீக்கி, ஐந்தாறோடு நில்லுங்கள். நுண்ணிட அளவுகளைக் கையாளும்போது சதுரத்தைத் தற்செயல் காரணியாக (random effect) வையுங்கள். ஒரே சதுரத்தின் மூன்று இடுக்கு மூன்று தனிச் சான்று ஆகாது. பாறை வெளிப்பாட்டோடு இன எண்ணிக்கையை நேர்கோட்டில் மட்டும் பொருத்தாதீர்கள், இருபடிக் கோட்டையும் பாருங்கள். கல் கொஞ்சம் கூடும்போது இடுக்கும் குழியும் பெருகி இனம் கூடலாம். மேலும் கூடும்போது மண்ணே இல்லாமல் குறையலாம். நேர்கோடு இந்த ஏற்றத்தையும் இறக்கத்தையும் ஒன்றோடொன்று கழித்து "தொடர்பில்லை" என்று சொல்லிவிடும்.

புதரையும் சிறுசெடியையும் தனித்தனியாக ஓட்டுங்கள். புதர் வேரால் கல்லுக்குள் நீர் தேடும்; சிறுசெடி மேல் பத்து செ.மீ. மண்ணையும் வெளிச்சத்தையும் சருகின் கனத்தையும் நம்பி இருக்கும். நெருக்கி நட்டு, கலைக்காமல் விட்ட சைப்ரஸ் காட்டில் சிறுசெடி அருகிப்போய், இடுக்கில் மட்டும் புதர் நின்றால் ஆச்சரியப்பட வேண்டாம். இரண்டையும் கூட்டியிருந்தால் அது கண்ணில் பட்டிருக்காது.

11. அடையாளம் விட்டு வாருங்கள்

மூன்று அல்லது ஐந்து ஆண்டு கழித்து அதே சட்டத்துக்குத் திரும்ப வேண்டியிருக்கும். பெயின்ட் அடையாளத்தைப் பாசி மூடிவிடும், மர முளையைக் கரையான் தின்றுவிடும், மண்ணில் அடித்த இரும்புக் குழாய் காணாமல் போகும். பாறையில் துளையிட்டுத் துருப்பிடிக்காத திருகாணி இறுக்கி, எண் பொறித்த அலுமினியத் தகட்டை அதில் மாட்டுங்கள். நில உரிமையாளரிடம் கேட்டுவிட்டு. ஜிபிஎஸ் காட்டும் புள்ளி மரத்தடியில் பல மீட்டர் விலகும். ஆகவே மூலைத் திருகாணியிலிருந்து ஒவ்வொரு சட்டத்துக்கும் தூரமும் திசைகாட்டிப் பாகையும் எழுதி, சட்டம் கிடக்கும் நிலையிலேயே மேலிருந்து ஒரு படமும் எடுத்து வையுங்கள். படிவங்களை அன்றன்றைக்கு இரவே படம் பிடித்து, இரண்டு இடத்தில் ஏற்றிவிட்டுத் தூங்குங்கள்.